அச்சில் உருவாகும் ஆடை

நூலை நெய்து, துணியை வெட்டித் தைப்பதே ஆடை உருவாக்கத்தின் தொன்றுதொட்ட முறையாகும். இதற்கு மாறாக, கணிப்பொறியில் வகுத்த வடிவத்தை மெல்லிய அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து நேரடியாகப் பொருளாக்குவது முப்பரிமாண அச்சுமுறை. அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1986-ல் காப்புரிமை பெற்ற முறை இத்துறைக்கு அடிகோலியது. 2010-ல் நெதர்லாந்தின் ஐரிஸ் வான் ஹெர்பன் இம்முறையில் உருவான உடையை ஆடை அணிவகுப்பில் இடம்பெறச் செய்தார்.

விறைப்பு நீங்கும் வழி

அச்சில் வார்க்கப்படும் பிளாஸ்டிக் பொதுவாக விறைப்பானது. உடலோ அசைந்துகொண்டே இருப்பது. இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் காணப்பட்டுள்ளன. முதலாவது, வடிவமைப்பின் வழியே நெகிழ்ச்சி பெறுதல். 2014-ல் அமெரிக்காவின் நெர்வஸ் சிஸ்டம் நிறுவனம் வடிவமைத்த உடையில் 2,279 முக்கோணத் தகடுகள் 3,316 கீல்களால் பிணைக்கப்பட்டிருந்தன. கணிப்பொறியிலேயே உடையை மடித்து, நைலான் துகளை லேசர் கதிரால் இணைத்து, ஒரே தொகுதியாக அச்சிட்டனர். எனவே தகடுகளைக் கோக்கும் வேலையே எழவில்லை. இரண்டாவது, நெகிழும் மூலப்பொருளைக் கையாளுதல். இஸ்ரேலிய மாணவியாக இருந்த டானிட் பெலெக் 2015-ல் மேசை அச்சுப்பொறிகளைக் கொண்டே தம் பட்டப்படிப்புக்கான உடைகளை உருவாக்கினார். அதற்கு 2,000 மணி நேரத்திற்கும் மேலாயிற்று.

வெட்டுத்துணி வீணாவதில்லை, அணிபவரின் அளவுக்கேற்ப அமைக்கலாம் என்பன இதன் நன்மைகள். எனினும் பருத்தியைப்போல் வியர்வையை உறிஞ்சும் இயல்பு இப்பொருள்களுக்கு இல்லை. வெப்ப நாடுகளில் அன்றாட உடையாக இது பரவுவதற்கு இது பெருந்தடையாகும்.

கைவினைஞரின் இடம்

நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) இந்தியாவில் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 35 லட்சத்திற்கும் மேற்பட்டோர் உள்ளனர். துளையிட்ட அட்டைகளால் பாவு நூல்களை இயக்கும் ஜக்கார்டு முறை இவர்களில் பலருக்குப் பழக்கமானது. துளை உண்டு, இல்லை என்னும் இரு குறிகளால் கோலம் வகுக்கும் அம்முறை கணிப்பொறியின் தர்க்கத்திற்கு நெருங்கியதே. ஆகவே எண்முறை வடிவமைப்பு அவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

2022-ல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இவ்வகை உற்பத்திக்கெனத் தேசிய உத்தியை வெளியிட்டது. அதன் பயன் தொழிற்கூடங்களோடு நின்றுவிடலாகாது. நகை வார்ப்பு மாதிரிகள், பொத்தான்கள், அணிகலன்கள் போன்ற சிறு பொருள்களில் தொடங்கிக் கைவினைஞருக்குப் பயிற்சியளிப்பது நடைமுறைக்கு ஏற்றது. கோலத்தை வகுக்கும் உரிமையும் அதன் ஊதியமும் கைவினைஞரிடமே நிலைக்குமானால், புதிய கருவி பழைய தொழிலுக்குத் துணையாகும். இல்லையேல் அவர் வெறும் பொறி இயக்குபவராகவே எஞ்சுவார்.