அஞ்சலையின் மைதானத்திலிருந்து வந்தவர்கள்

தெலங்கானாவில் பெருமழை பெய்து ஊர்கள் மிதந்துகொண்டிருந்த வாரம் அது. 2024 செப்டம்பர் 3 மாலை ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள ஜி.எம்.சி. பாலயோகி ஸ்டேடியத்தில் இந்தியக் கால்பந்து அணியை எதிர்த்து இறங்கியது மொரீஷியஸ். ஒரு பக்கம் 140 கோடி மக்கள். மறு பக்கம் 13 லட்சம்கூட நிரம்பாத தீவு. உலகத் தரவரிசையில் இந்தியாவுக்கு 124வது இடம், மொரீஷியஸுக்கு 179வது இடம். இந்திய அணிக்கு ஸ்பெயினிலிருந்து வந்த புதிய பயிற்சியாளர் மானோலோ மார்க்கேஸுக்கு அதுதான் முதல் ஆட்டம். அவருக்கு அது பழகிய மைதானமும்கூட. 2021-22ல் ஹைதராபாத் எஃப்.சி.க்கு ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். எத்தனை கோல் வித்தியாசத்தில் இந்தியா ஜெயிக்கும் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது ஸ்கோர் 0-0.

வந்தவர்களின் திறமை என்பதைவிட இந்தியாவின் இயலாமை என்றே இங்கே பலருக்கும் பட்டது. சுனில் சேத்ரி ஜூன் மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கோல் போட ஆள் இல்லை என்ற புலம்பலில் வந்தவர்களை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. 2017ல் மும்பையில் நடந்த முத்தரப்புப் போட்டியிலும் முதல் கோலைப் போட்டது மொரீஷியஸ்தான். அன்று இந்தியா சுதாரித்துக்கொண்டு 2-1 என்று ஜெயித்தது. ஹைதராபாத்தில் அதுவும் நடக்கவில்லை.

தமிழர்களுக்கு மொரீஷியஸ் அந்நிய நாடு அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டியபோது புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுபோனார்கள். 1834 முதல் ஆங்கிலேயர்கள் கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. ரூபாய் நோட்டிலும் தமிழ் எழுத்து உண்டு. 1998ல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழை இறக்கிவிட்டு இந்தியை மேலே ஏற்றியபோது தீவே கொதித்தது. நோட்டுகளைத் திரும்பப் பெற்று வரிசையைப் பழையபடி மாற்ற வேண்டியதாயிற்று. எழுத்து எந்த வரியில் இருக்கிறது என்பதுகூடக் கௌரவப் பிரச்சினையாகும் நாட்டில், கால்பந்து மட்டும் விதிவிலக்காக இருக்க முடியுமா?

இருக்கவில்லை. தீவின் கிளப்புகளின் பெயர்களே அதைச் சொல்லும்: ஹிந்து கேடட்ஸ், முஸ்லிம் ஸ்கௌட்ஸ், தமிழ் கேடட்ஸ். வெள்ளையர்களுக்கு டோடோ கிளப். ஃபயர் பிரிகேட் அணிக்குக் கிரியோல் மக்களின் ஆதரவு. ஞாயிற்றுக்கிழமைதோறும் சமூகத்துக்கு ஒன்றாகப் பிரிந்து உட்கார்ந்தது தீவு. அந்தப் போட்டி மனப்பான்மையில் ஆட்டமும் வளர்ந்தது என்பதை மறுக்க முடியாது. 1974ல் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றது மொரீஷியஸ். மூன்று ஆட்டங்களிலும் தோல்விதான், ஆனால் அதற்குப் பிறகு அந்த வாசலை அது மிதிக்கவே இல்லை. சொந்த மண்ணில் நடந்த இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுகளில் 1985லும் 2003லும் பெற்ற தங்கங்கள் ஆறுதல்.

1980களில் அரசின் வற்புறுத்தலால் கிளப்புகள் சமூகப் பெயர்களைக் கைவிட்டன. முஸ்லிம் ஸ்கௌட்ஸ், ஸ்கௌட்ஸ் கிளப் ஆயிற்று. பெயர்தான் போயிற்று, பிரிவினை போகவில்லை.

அதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. 1999 மே 23. ஸ்கௌட்ஸ் கிளப்பும் ஃபயர் பிரிகேடும் மோதின. ஃபயர் பிரிகேட் 1-0 என்று ஜெயித்தது. நடுவரின் முடிவு பிடிக்காத தோற்ற அணியின் ரசிகர்கள் கலவரத்தில் இறங்கினார்கள். வன்முறை தலைநகருக்குப் பரவியது. போர்ட் லூயியில் 'அமிக்கால்' என்ற சூதாட்ட விடுதிக்குத் தீ வைக்கப்பட்டது. ஏழு பேர் கருகிச் செத்தார்கள், குழந்தைகள் உள்பட. காயா என்ற பாடகர் பிப்ரவரியில் போலீஸ் காவலில் இறந்து, அதையொட்டிக் கலவரம் வெடித்து மூன்றே மாதம் ஆகியிருந்தது.

அந்த ஆட்டம் நடந்த இடத்தின் பெயர் அஞ்சலை ஸ்டேடியம். அஞ்சலை குப்பன் என்ற தமிழ்க் கூலிப் பெண்ணின் பெயர் அது. 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வ்யூ ஹரேல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான அஞ்சலை அப்போது கர்ப்பிணி. கூலிக்காரர்கள் சேர்ந்து நின்றதற்கு நினைவுச் சின்னமாகக் கட்டப்பட்ட மைதானத்தில்தான், அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு சமூகமாக நின்றார்கள்.

பிறகு அரசு கடுமையாக நடந்துகொண்டது. லீக் ஆட்டங்கள் ஓராண்டுக்கும் மேலாக நிறுத்தப்பட்டன. கிளப்புகள் ஊர் வாரியாக மாற்றி அமைக்கப்பட்டன. 2000ல் உருவான ஏ.எஸ். போர்ட் லூயி 2000 அப்படிப்பட்டதுதான். கலவரம் நின்றது. கூட்டமும் நின்றுபோனது! சொந்த சாதிசனம் என்று கத்தியவர்களுக்குப் புதிய அணிகளில் ஒட்டுதல் இல்லை. லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டங்களை டி.வி.யில் பார்த்து, அவற்றின் பெயரால் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கேரளத்தில் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் கட் அவுட் வைப்பவர்களுக்கு இது புரியும்.

சிறிய நாடு என்பதால்தான் இந்த நிலை என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்துத் தீவான கொமொரோஸில் மொரீஷியஸைவிட மக்கள்தொகை குறைவு. பிரான்சில் வளர்ந்த பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் கானாவை 3-2 என்று சாய்த்தது. சுமார் ஐந்து லட்சம் பேர் கொண்ட கேப் வெர்டியும், அதிலும் சிறிய குராசாவும் 2026 உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றன.

ஹைதராபாத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் இந்த ஊர்க்காரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் என்று இந்தியாவைக் கொண்டுபோனவர் அவர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி நாட்டையே நடுங்க வைத்த காலமும் இருந்தது. அந்த ஊரில், 179வது இடத்து அணிக்கு எதிராக ஒரு கோல் போட முடியவில்லை.

மூன்று நாள் கழித்து சிரியாவிடம் 0-2 என்று தோற்றது மொரீஷியஸ். செப்டம்பர் 9 அன்று அதே சிரியா இந்தியாவை 3-0 என்று நொறுக்கிக் கோப்பையைத் தட்டிச் சென்றது. மொரீஷியஸுக்கும் இந்தியாவுக்கும் ஒரே ஒரு புள்ளிதான். ஆனால் ஒரு கோல் குறைவாக வாங்கியிருந்ததால் பட்டியலில் மொரீஷியஸ் இரண்டாவது, போட்டியை நடத்திய இந்தியா கடைசி.

மார்க்கேஸ் 2025ல் இந்திய அணியை விட்டு விலகினார். அவர் கோப்பை வாங்கிக் கொடுத்த ஹைதராபாத் எஃப்.சி.யும் அதே ஆண்டு பெயரை மாற்றிக்கொண்டு டெல்லிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.