வெந்நீர்க் கீஸர் காட்டும் குறிகள்

டோம்பிவிலியில் வாழும் தமிழன்பர்களின் காலைப்பொழுது ரயிலின் நேரத்தோடு பிணைந்தது. சுமார் 48 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சத்திரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸுக்கு லோகல் பிடிக்க வேண்டியவர், பள்ளி செல்லும் குழந்தைகள், பூஜைக்கு முன் நீராடும் முதியோர் ஆகிய அனைவருக்கும் ஒரு மணி நேரத்திற்குள் வெந்நீர் வேண்டும். முன்னாளில் நடுக்குழலில் கரியிட்டு மூட்டிய தாமிரப் பாய்லர் இத்தொண்டைச் செய்தது. இன்று அவ்விடத்தில் கீஸர் அமர்ந்திருக்கிறது. பாய்லரின் குறை கண்ணெதிரே புகைந்து தெரியும். கீஸரின் குறையோ உறைக்குள் மறைந்திருக்கும். ஆயினும் அது சில குறிகளைக் காட்டவே செய்கிறது. அவற்றுள் நாமே சரி செய்யத்தக்கவை எவை, கண்டவுடன் கீஸரை நிறுத்த வேண்டியவை எவை என்பதை ஒவ்வோர் இல்லத்தாரும் அறிந்திருத்தல் அவசியம்.

மின்சாரக் கீஸர்

15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, 2000 வாட் கீஸருக்குச் சுமார் 20 நிமிடம் போதும். இதைவிட மிகுதியாகத் தாமதமானால், வெப்ப அளவைக் குறிக்கும் திருகு தாழ்த்தி வைக்கப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 200 வோல்ட்டாகக் குறைந்தாலும் சூடேற்றும் சக்தி ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும்.

நீர் சற்றும் சுடவில்லையெனில், சுவரிலுள்ள எம்.சி.பி. ஸ்விட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை மேலே தள்ளலாம். மீண்டும் விழுந்தால் வற்புறுத்தலாகாது. உள்ளே மின்கசிவு இருக்கக்கூடும். எலெக்ட்ரீஷியனை அழைப்பதே தக்கது.

'கொதகொத'வென்று ஓசை எழுந்தால், சூடேற்றும் கம்பியின்மேல் உப்பு படிந்துவிட்டது என்பது பொருள். ஆழ்குழாய்க் கிணற்று நீர் கலக்கும் கட்டடங்களில் இது விரைவில் நேரும். அந்த உப்பை அகற்றாவிடில் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறிக் கருகிப்போகும். ஆண்டுக்கொரு முறை கீஸரைத் திறந்து சுத்தம் செய்விக்கும்பொழுது, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீஷியம் தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம்.

சூடேறும் வேளையில் பாதுகாப்பு வால்வில் சில சொட்டுகள் வடிவது குற்றமன்று. நீர் விரிவடைவதால் நேர்வது அது. அச்சொட்டுகளைக் கண்டு வால்வை அடைத்துவிடுவதுதான் பேராபத்து. வெளியேற வழியற்ற அழுத்தம் தொட்டியையே வெடிக்கச் செய்யலாம். தொட்டியின் உடலிலிருந்தே நீர் கசிந்தால், அதன் ஆயுள் முடிந்தது எனக் கொள்க.

குழாயைத் தொடும்பொழுது சிறிதளவேனும் 'சுருக்'கென்றால், அக்கணமே மெயின் ஸ்விட்சை நிறுத்தி, எர்த் இணைப்பைச் சோதிக்கும் வரை கீஸரைத் தொடாதீர்கள். 16 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சும் இன்றியமையாதவை.

காஸ் கீஸர்

காஸ் கீஸர் பற்றவில்லையெனில் முதலில் பாட்டரிகளை மாற்றிப் பாருங்கள். மாடித் தொட்டிக்கு நேர் கீழேயுள்ள மேல்தளத்து வீடுகளில் நீரழுத்தம் குறைவு. அழுத்தம் போதாவிடில் அடுப்பு பற்றாது. சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறிய இல்லத்தார், கீஸரையும் அதற்கேற்பத் தகுதி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனிக் கூறுவதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். காஸ் கீஸர் காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டே எரிகிறது. மூடிய சிறு ஸ்நான அறையில் அது குறையும்பொழுது கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. சிலிண்டர் காஸுக்கு வாசனை சேர்க்கப்பட்டிருப்பதால் அதன் கசிவை மூக்கு அறியும். இந்நச்சுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது நம் குருதியில் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. 2020 ஜனவரியில் நம் பம்பாயின் பொரிவலியிலேயே, நீராடச் சென்ற ஒரு மாணவி இவ்வாறு மயங்கி விழுந்து உயிர் துறந்தாள்.

ஆதலின் நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாயினும், கரி படியினும், குளிப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினும், உடனே கீஸரை நிறுத்திக் கதவு ஜன்னல்களைத் திறந்து வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மயங்கியவரை வெளியே கொணர்ந்து 108க்குத் தகவல் கொடுங்கள். கிறுகிறுப்பைப் பசிமயக்கம் என்று தள்ளிவிடுவது தகாது.

நம்மவரில் பலர் வாடகை வீடுகளில் வசிப்பவர்கள். ஸ்நான அறைக்குள்ளேயே காஸ் கீஸர் மாட்டிய வீடாயின், குடிபுகுமுன்பே அதை வெளியே காற்றோட்டமான இடத்திற்கு மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அதுவரை பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீஸரை அணைத்து, அறையில் சற்று நேரம் காற்றோடவிட்ட பின்னரே நீராடுங்கள். அதனால் ஐந்து நிமிடம் தாமதமாகலாம்; ஒரு லோகல் போனால் அடுத்தது வரும்.