மீன் வண்டி வாங்கறீங்களா? முதல்ல பெட்டியைப் பாருங்க

நாகப்பட்டினத்துல மீன், இறால் எடுத்து திருவாரூர் வழியா தஞ்சாவூர் கடைகளுக்கும் ஓட்டலுக்கும் போடுறவங்க, தெர்மாகோல் பெட்டியிலேருந்து குளிர்சாதன வண்டிக்கு மாறணும்னா, இந்த வீடியோவை முழுசா பாருங்க.

இந்த வண்டி சரக்கைக் குளிர வைக்காதுங்க. ஏற்கெனவே குளிர்ந்த சரக்கு சூடேறாம ஃபிளாஸ்க் மாதிரி பார்த்துக்கும், அவ்வளவுதான். 'தஞ்சாவூர் போறதுக்குள்ள குளிர்ந்துடும்'னு வெதுவெதுப்பான இறாலை ஏத்தினா சரக்கு போச்சு. ஐஸ்ல போட்டுக் குளிர வெச்சு, வண்டியோட காலிப் பெட்டியையும் முன்னாடியே ஓடவிட்டுக் குளிர்ந்ததும் ஏத்துங்க.

அதனாலதான் எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்ங்கறேன். பச்சை மீனுக்கு 0-லேருந்து 4 டிகிரி போதும். உறைஞ்ச இறாலுக்கு மைனஸ் 18 வேணும். அதுக்குப் பெட்டிச் சுவர்ல இருக்குற பஃப் பேனல், அதாவது குளிரைக் காக்குற நுரைப் பலகை, 100 மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். பேனல் தடிச்சா பெட்டி கனம் கூடும், ஏத்துற எடை குறையும். அந்தக் கணக்கைப் போட்டுட்டு வண்டி சைஸை முடிவு பண்ணுங்க. சின்ன வண்டியில பெரும்பாலும் கம்பிரஸர் வண்டி எஞ்சின்லதான் ஓடும். டீ குடிக்க எஞ்சினை நிறுத்தினா குளிரும் நின்னுடும். ராத்திரி சரக்கோட நிக்கணும்னா, கரண்ட்ல சொருகுற வசதி இருக்கான்னு கேளுங்க.

பழைய வண்டியா? நல்ல வெயில்ல உள்ளே நின்னு கதவைச் சாத்தச் சொல்லுங்க. உள்ளேருந்து திறக்குற கைப்பிடி வேலை செய்யுதான்னு அதுக்கு முன்னாடியே பார்த்துடணும், இது உயிர் விஷயம். கோடு மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா கதவு ரப்பர் கேஸ்கட் போயிடுச்சு. சுவத்துல கண்ட இடத்துல ஸ்க்ரூ ஓட்டை இருந்தாலும் விட்டுடுங்க. தண்ணி இறங்கின பஃப் குளிரைத் தாங்காது.

இனி பராமரிப்பு. நம்ம டெல்டாவுக்கே உரிய தொல்லை அறுப்புத் தூசு. தை, மாசியில சம்பா அறுப்பு நடக்கும், ரோட்டுலயே நெல்லைக் காய வைப்பாங்க. அந்த வழியா ஓடுற வண்டியோட கன்டன்சர் (சூட்டை வெளியே தள்ளுற பாகம்) தகடுகள்ல பதரும் வைக்கோல் தூளும் அடைச்சுக்கும். குளிர் குறையும். உடனே 'கேஸ் போச்சு'ன்னு செலவு பண்ணாதீங்க. முதல்ல கன்டன்சரைக் கழுவுங்க, மெதுவான தண்ணியில. வேகமா அடிச்சா தகடு மடங்கிடும். துறைமுகத்துக்குள்ள போற வண்டிக்கு உப்புக்காத்தும் சேரும். நல்ல தண்ணியில அடிக்கடி கழுவினாத்தான் அலுமினியம் அரிக்காம இருக்கும்.

பெரிய வேலைகளை மீன்பிடித் தடைக்காலத்துக்கு வெச்சுக்குங்க: ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். ஆனா அந்த 61 நாளும் குளிர்சாதன யூனிட்டைச் சும்மா போட்டுடாதீங்க. வாரம் ஒரு தடவை கொஞ்ச நேரம் ஓடவிடுங்க. ஆயில் சுத்தி வந்தாத்தான் கம்பிரஸர் சீல் காயாம இருக்கும். ஓட்டி முடிச்சதும் பெட்டியைத் துடைச்சு, கதவைக் கொஞ்சம் திறந்தே வைங்க.