நிலையான வலைத்தளங்களின் தானியங்கு பில்டுச் சிக்கல்கள்

நிலையான வலைத்தளம் (ஸ்டாட்டிக் தளம்) என்பது, தரவுத்தளத்தின் துணையின்றி, முன்கூட்டியே உருவாக்கி வைக்கப்பட்ட எச்டிஎம்எல் பக்கங்களைக் கொண்டு இயங்கும் தளமாகும். எழுதுபவர் கட்டுரைகளை எளிய உரைக் கோப்புகளாக எழுதுகிறார். ஜெக்கில் (2008), ஹியூகோ (2013) போன்ற மென்பொருள்கள் அவற்றை வலைப்பக்கங்களாக மாற்றுகின்றன. இந்த மாற்றும் வேலையே பில்டு. கிட்ஹப் போன்ற களஞ்சியத்தில் கோப்புகளை ஏற்றியவுடன், வேறொரு கணினி தானாகவே பில்டு செய்து தளத்தை வெளியிடுவது தானியங்கு பில்டு எனப்படும்.

இதில் எழும் சிக்கல்களில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றுதான்: எழுதுபவரின் கணினியும் பில்டு நடக்கும் கணினியும் ஒன்றல்ல. பின்னது பெரும்பாலும் லினக்ஸில் இயங்குவது. தருமபுரி மாவட்டத்தில் தக்காளி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற பாலக்கோட்டைப் பற்றி ஒருவர் தமிழில் தளம் நடத்துவதாகக் கொண்டால், அவர் சந்திக்கக்கூடிய பிழைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

நின்றுவிடும் பில்டு

முதல் வகையில் பில்டு தோல்வியடைந்து சிவப்புக் குறி தோன்றும். பதிவேட்டின் கடைசி வரி பெரும்பாலும் 'எக்ஸிட் கோடு 1' என்று மட்டுமே கூறும். அது விளைவு, காரணம் அன்று. மேலிருந்து படித்து வந்து, முதலில் தோன்றும் பிழைச் செய்தியைக் கண்டறிய வேண்டும். அதற்குப் பின் வரும் பிழைகள் பலவும் அதன் தொடர்ச்சியே.

அடிக்கடி நிகழ்வது தலைப்புப் பகுதியில் வரும் பிழை. கோப்பின் தொடக்கத்தில் யாம்ல் வடிவில் தலைப்பு, தேதி முதலியவை எழுதப்படும். தலைப்பை 'பாலக்கோடு: தக்காளிச் சந்தை' என மேற்கோள் குறியின்றி எழுதினால், நடுவிலுள்ள முக்காற்புள்ளியை யாம்ல் ஒரு புதிய புலமாகக் கருதிக் குழம்பும். தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் இடுவதே தீர்வு.

அடுத்தது பதிப்பு வேறுபாடு. 2016 மார்ச் 22 அன்று, 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரி நிரல்தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அதைச் சார்ந்திருந்த ஏராளமான பில்டுகள் உலகெங்கும் நின்றன. தம் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவர்களும் பாதிக்கப்பட்டனர். சில மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது. பயன்படுத்தும் மென்பொருள்களின் பதிப்புகளை 'லாக்' கோப்பில் பதிந்து, அதையும் களஞ்சியத்தில் சேர்த்தால், நேற்று வேலை செய்த பில்டு பதிப்பு மாற்றத்தால் இன்று நிற்பதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

வெற்றி என்று காட்டும் பிழைகள்

இரண்டாம் வகையே அதிகம் தொல்லை தருவது. பில்டு பச்சைக் குறியுடன் முடியும். பிழை வாசகருக்கு மட்டுமே தெரியும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. ஆனால் கேமரா தரும் படத்தின் 'ஜேபிஜி' பின்னொட்டு ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கலாம். கட்டுரையில் அதைச் சிறிய எழுத்தில் குறித்தாலும் விண்டோஸில் படம் தெரியும். லினக்ஸுக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள், படம் தெரியாது.

நேரமும் ஏமாற்றும். நேர மண்டலம் குறிப்பிடாத நேரத்தை ஹியூகோ இயல்பாக யுடிசி நேரமாகக் கொள்ளும். எதிர்காலத் தேதியுள்ள கட்டுரைகளை அது வெளியிடாது. காலை 7 மணிச் சந்தை நிலவரத்தை 7:00 எனக் குறித்து ஏற்றினால், யுடிசி கணக்கில் அப்போது 1:30 மணிதான். எனவே அக்கட்டுரை விடப்படும். பிற்பகல் 12:30க்குப் பின் மீண்டும் ஒரு பில்டு நடந்தால்தான் அது வெளிவரும்; அதற்குள் சந்தை விலையால் யாருக்கும் பயனில்லை. நேரத்துடன் '+05:30' எனச் சேர்த்தால் சிக்கல் தீரும்.

தமிழுக்கே உரிய சிக்கல் எழுத்துக் குறியீட்டில் உள்ளது. 'பாலக்கோடு' கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் அதை 9 குறியீடுகளாகவும் எழுதலாம், 10 குறியீடுகளாகவும் எழுதலாம். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்னும் இரண்டு குறியீடுகளாகவும் இட முடியும் என்பதே காரணம். யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 27 பைட், இரண்டாவது 30 பைட். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் கோப்பின் பெயர் ஒரு வகையிலும், அதைச் சுட்டும் இணைப்பு மற்றொரு வகையிலும் இருந்தால், பக்கம் இருந்தும் வாசகருக்கு '404' பிழையே கிடைக்கும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரைகளிலும் இந்தப் பிரிந்த வடிவம் வரலாம்.

பெயரின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமையில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரையே இடமுண்டு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் என்பதால், 85 குறியீடுகளிலேயே அந்த இடம் நிறைந்துவிடும். விண்டோஸின் வரம்பு பைட் கணக்கில் அமைந்ததன்று. ஆகவே அங்கே ஏற்கப்பட்ட நீண்ட தமிழ்த் தலைப்பு லினக்ஸில் பில்டை நிறுத்தக்கூடும்.

கண்டறியும் முறை

- கடைசியாக வெற்றி பெற்ற பில்டுக்குப் பின் மாறிய கோப்புகளை மட்டும் முதலில் சோதிக்க வேண்டும்.
- பில்டு கணினியில் உள்ள அதே பதிப்புகளைச் சொந்தக் கணினியிலும் நிறுவிப் பில்டு செய்து பார்க்க வேண்டும்.
- கோப்புப் பெயர்களையும் இணைப்புகளையும் 'என்எஃப்சி' என்னும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் படி ஒன்றைப் பில்டில் சேர்க்கலாம். பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி இதற்கு உதவும்.
- வெளியிடுவதற்கு முன் இணைப்புகளைச் சோதிக்கும் கருவியை, எடுத்துக்காட்டாக எச்டிஎம்எல்-புரூஃபரை, இயக்கி, ஓர் இணைப்பு உடைந்தாலும் பில்டு நிற்குமாறு அமைக்கலாம்.

இவற்றுள் கடைசிப் படி முதன்மையானது. நின்றுபோன பில்டு எழுதியவருக்கு உடனே தெரிந்துவிடும். உடைந்த இணைப்போ, அதைச் சொடுக்கிய வாசகர் சொன்னால்தான் தெரியும். பெரும்பாலோர் சொல்லாமலே திரும்பிவிடுவர்.