இறைக்குமுன் எழுதிக் கொடுங்கள்

கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ நிறம் மாறினாலோ எங்கள் ஆட்கள் செய்யும் முதல் வேலை, மோட்டரைப் போட்டு இறைத்து ஊற்றுவது. பிறகு சோடாப் போத்தலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு விதானையிடம் ஓடுவார்கள். முகநூலில் ஒரு வீடியோவும் ஏறும். எல்லாம் முடிந்தபின் பார்த்தால், கையில் திகதியிட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது.

எத்தாளையில் இறைப்பது இரட்டை நட்டம். ஊர் இருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்குக் கீழே, உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நன்னீர் தங்கி நிற்கிறது. ஒரேயடியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். பக்கத்து நிலத்தில் கிடக்கும் அழுக்கும் கிணற்றை நோக்கி இழுபடும். உங்கள் சாட்சியமோ வாய்க்காலோடு போய்விடும். கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்பவர்களுக்கும் ஒன்று: கொதித்தால் கிருமி சாகும். ஈயம், ஆர்சனிக், நைட்ரேட் எதுவும் போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குளோரின் தூளும் இவற்றை அகற்றாது.

ஆகவே குடிப்பதை நிறுத்துங்கள், இறைக்காதீர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வரவழையுங்கள். மாதிரியை அவர் எடுத்து முத்திரையிட்டு அனுப்பினால்தான் பிறகு யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. நீங்களே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால், போத்தலையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ப் பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தல் வேண்டும். உலோகத்துக்கு அமிலம் இட்ட வேறு போத்தல். கிருமிக்குக் கிருமிநீக்கிய போத்தல். சோடாப் போத்தலில் எடுத்தது ஒன்றுக்கும் உதவாது.

முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்பதில்தான் பலர் மாதக்கணக்கை வீணாக்குகிறார்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வடமேல் மாகாணத்துக்கு 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க சுற்றாடல் நியதிச்சட்டம் தனியாக இருக்கிறது. அதன்படி உரிமம் கொடுப்பதும் சோதிப்பதும் வடமேல் மாகாண சுற்றாடல் அதிகார சபை, தலைமையகம் குருநாகலில். புத்தளம் மாவட்டத்தவர் எழுத வேண்டியது அங்கேதான். பிரதி சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கற்பிட்டிப் பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைக்கும் போகட்டும். கிணறு இருக்கும் இடம், மாற்றத்தைக் கண்ட திகதி, மணம், நிறம், கழிவு வருவதாகச் சந்தேகிக்கும் இடம், அந்தத் தண்ணீரைப் பாவிக்கும் குடும்பங்கள், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பதிவுத்தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள். “பிறகு பார்ப்போம்” என்று வாயால் சொல்லி அனுப்புவது இங்கே அதிகாரிகளுக்குக் கைவந்த கலை. காணி உறுதி இல்லையே என்று இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் ஒதுங்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், அது போதும்.

அதே நாளில் அதே அதிகார சபைக்கு இன்னொரு கடிதம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சந்தேகத்துக்குரிய தொழிற்சாலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், அதன் நிபந்தனைகள், கடைசியாக எடுத்த நீர் மாதிரி அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். உரிமம் இருக்கும்தானே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் லக்விஜய அனல்மின் நிலையமே, 2017இல் உரிமம் காலாவதியான பிறகும் ஆண்டுக்கணக்கில் அதைப் புதுப்பிக்காமல் ஓடியது. அரசாங்கமே இப்படியென்றால் சின்ன ஆலைகளைச் சொல்லவா வேண்டும்?

எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் இருக்கிறது. அங்கே மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. 2015இல் தாக்கலான அடிப்படை உரிமை மனுவில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசாக்கியவரே செலவைச் சுமக்க வேண்டும், மின் நிலையத்தை நடத்திய கம்பனி பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும். தண்ணீரில் எண்ணெய் இருப்பதைக் காட்டும் ஆய்வுகூட அறிக்கைகள் இல்லாமல் அந்த வழக்கு எங்கே நின்றிருக்கும்?

ஆனால் அந்த வழிக்குக் கெடு ஒரு மாதம். அரச தரப்பின் செயலாலோ செயலின்மையாலோ உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனு. முடியாவிட்டால், அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு. அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஒரு மாதம்தான், மறக்க வேண்டாம். செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத்தொல்லையை அகற்ற நீதவானும் கட்டளையிடலாம். அதற்குப் பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள்.

சுத்திகரிப்பு என்றால் முதலில் கழிவு வரும் வாயை அடைக்க வேண்டும்; கிணற்றின் முறை அதற்குப் பிறகு. அள்ளிய கழிவைப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைக்க விடாதீர்கள். மணலில் அது மறுபடி தண்ணீருக்கே இறங்கும். எங்கே கொண்டுபோனார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, கோபித்தாலும் பரவாயில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு மருந்தடித்த தாங்கியைக் கிணற்றடியில் கழுவுவதும், வெறும் மருந்துப் போத்தல்களை வேலியோரம் எறிவதும், உரத்தை அள்ளிக் கொட்டுவதும் இன்னும் நிற்கவில்லை. முறைப்பாடு எழுதுமுன் அந்தப் போத்தல்களைப் பொறுக்குங்கள். வழக்கு என்று வந்தால் ஆலைக்காரரின் சட்டத்தரணி முதலில் படமெடுத்து வைப்பது அவற்றைத்தான்.