ஒரு சின்னக் கேள்வியும் 583 உயிர்களும்



விமான விபத்து என்று செய்தி வந்தால் நாம் என்ன சொல்வோம்? "என்ஜின் கெட்டுப் போயிருக்கும்" என்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பல விபத்துகளில் இயந்திரம் நன்றாகவே இருந்திருக்கிறது. மனிதர்களின் களைப்பு, அவசரம், மறதி, தயக்கம், பேச்சில் வரும் குழப்பம் ஆகியவைதான் காரணம். இவற்றை 'மனிதக் காரணிகள்' என்று சொல்கிறார்கள்.

உலகிலேயே அதிகம் பேர் இறந்த விமான விபத்து வானத்தில் நடக்கவில்லை, தரையில்தான் நடந்தது! நாள்: 1977 மார்ச் 27. இடம்: ஸ்பெயின் நாட்டின் டெனெரீஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பி விட்டார்கள். சின்ன விமான நிலையம், ஒரே ஓடுபாதை. நெரிசலோ நெரிசல். போதாததற்கு மூடுபனி வேறு.

ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 கிளம்பத் தயாராக நின்றது. அதே பாதையில் பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 மெதுவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டு அறை, பறந்த பிறகு எந்த வழியாகப் போக வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது. கே.எல்.எம். கேப்டன் அதையே புறப்பட அனுமதி என்று எண்ணி விமானத்தை ஓட்டத் தொடங்கிவிட்டார். "பொறுங்கள்" என்று கட்டுப்பாட்டு அறை சொன்ன அதே நொடியில், "நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆமும் பேசியது. இரண்டு குரலும் மோதி, ரேடியோவில் கீச்சென்ற சத்தம்தான் கேட்டது.

அப்போது கே.எல்.எம். விமானத்தின் பொறியாளருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அவர் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கும் பெரிய அனுபவசாலி. பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள். 61 பேர் பிழைத்தார்கள்.

அதன் பிறகு விதிகள் மாறின. 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையில் கிளம்ப அனுமதி கொடுக்கும்போது (அல்லது அதை ரத்து செய்யும்போது) மட்டுமே சொல்ல வேண்டும் என்றானது. 'க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்ற பயிற்சியும் வந்தது. சின்னவர் சந்தேகத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பெரியவர் கோபப்படாமல் கேட்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

அந்தப் பயிற்சிக்குப் பலன் உண்டா? உண்டு! 1989-இல் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாமே செயலிழந்தன. கேப்டன் எல்லோரிடமும் யோசனை கேட்டார். பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு விமானியையும் உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். விமானம் சூ சிட்டியில் தரையில் மோதி உடைந்தாலும், 296 பேரில் 180-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள்.

இதையெல்லாம் படித்ததும் எனக்கு நம் கணக்கு வகுப்புதான் ஞாபகம் வந்தது. போன மாதம் கரும்பலகையில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனது. நான் பார்த்தேன். "சார் தப்பா எழுதுவாரா? நம்ம கண்ணுலதான் கோளாறு" என்று சும்மா இருந்துவிட்டேன். வகுப்பே தப்பாக எழுதியது. மறுநாள் சாரே கண்டுபிடித்து, "ஒருத்தர்கூடவா பார்க்கல? பார்த்தா சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

இப்போது சொல்கிறேன் சார், நான் பார்த்தேன். இனிமேல் எழுந்து நின்று கேட்பேன். தோழிகளே, நீங்களும் கேளுங்கள். பெரியவர்களை மதிப்பது வேறு, பயந்து வாயை மூடிக்கொள்வது வேறு.



9-ஆம் வகுப்பு மாணவி