இறங்கியதா, இறக்கப்பட்டதா? காற்றுவில் வண்டியின் பழுதறியும் முறை

மாலையில் நான்கு சக்கரங்களின்மீதும் நிமிர்ந்து நின்ற வண்டி, காலையில் தரையை நோக்கிப் படிந்து கிடக்கிறது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டப்புறங்களில் பழைய நான்கு சக்கர இயக்க வண்டியை வைத்திருப்போர்க்கு இக்காட்சி புதிதாக இராது. பட்டறைக்குச் சென்று அவர்கள் கூறுவது ஒரே தொடர்தான்: “வண்டி இறங்கிவிட்டது.”

இத்தொடரில் பிழையில்லை, ஆயினும் அது போதுமானதாக இல்லை. இரு வேறு நிகழ்ச்சிகள் இங்கு ஒரே வினைச்சொல்லுள் அடங்கிவிடுகின்றன. அதனால் பழுது ஓரிடத்திலிருக்க, பணம் வேறிடத்தில் செலவாகிறது. சில வேளைகளில் வண்டியின் அடியில் படுத்து வேலை செய்பவரின் உயிருக்கும் தீங்கு நேரலாம். அவ்விரு நிகழ்ச்சிகளையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வில் என்னும் பெயர்

வில்வண்டி என்னும் சொல்லை நம் பாட்டனார் தலைமுறையினர் நன்கறிவர். பாரத்தை ஏந்தி வளைந்து, பின்னர்த் தன்னிலைக்கு மீளும் இரும்புப் பட்டைகளை அச்சின்மேல் பொருத்திய மாட்டுவண்டி அது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அப்பட்டையைக் ‘கமான் பட்டை’ என்பர். கமான் என்னும் பாரசீகச் சொல்லுக்கும் வில் என்பதே பொருள். வளைந்து மீளும் இயல்பே இப்பெயருக்குக் காரணமாதலின், அவ்வியல்புடைய பொருள் இரும்பாயினும் காற்றாயினும் பெயர் பொருந்தும். இரும்புச் சுருளைச் சுருள்வில் என்றும், ரப்பர்ப் பைக்குள் அடைத்த காற்றைக் காற்றுவில் என்றும் இங்கு வழங்குவோம்.

மோட்டார் வண்டிகளில் காற்றுவில் நேற்று வந்ததன்று. 1957ஆம் ஆண்டின் காடிலாக் எல்டொராடோ புரோம் காரில் அது இடம்பெற்றது. ஆயினும் அதன் உரிமையாளர் பலர், காற்றுக் கசிவால் சலிப்புற்றுப் பின்னாளில் சுருள்வில்லுக்கு மாறிக்கொண்டனர். மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காற்றுவில் 1992இல் ரேஞ்ச் ரோவர் வண்டியில் அறிமுகமாயிற்று. 1994இல் வெளிவந்த அவ்வண்டியின் இரண்டாம் தலைமுறையில் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுவில்லே அமைந்தது. அந்த அமைப்பையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். பிற வண்டிகளில் நுணுக்கங்கள் வேறுபடலாம். அடிப்படை பெரிதும் ஒன்றே.

உறுப்புகளும் இயக்கமும்

பட்டறையில் ‘கம்பிரசர்’ எனப்படும் காற்றழுத்தி, வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அக்காற்று, ஈரமுறிஞ்சி மணிகள் நிறைந்த உலர்த்தி ஒன்றன் வழியாகச் சென்று காற்றுக் கலத்தில் சேமிக்கப்படுகிறது. கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 10 பார். அதாவது காரின் டயரில் நாம் நிரப்பும் அழுத்தத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். கலத்திலிருந்து வால்வுத் தொகுதிக்கும், அங்கிருந்து நெகிழிக் குழாய்கள் வழியாக நான்கு காற்றுப் பைகளுக்கும் காற்று செல்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள உயர உணரி, வண்டியின் உடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அறிவிக்கிறது. கணினி வால்வுகளைத் திறந்தும் மூடியும் காற்றை ஏற்றுகிறது, தேவையெனில் வெளியேற்றுகிறது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் உடலைத் தாழ்த்துவதும், மேடுபள்ளமான தோட்டச் சாலையில் ஓட்டுநர் விரும்பினால் உயர்த்துவதும் இவ்வாறே நிகழ்கின்றன.

இம்மண்ணும் ரப்பரும்

ரப்பரின் இயல்பை இவ்வட்டார மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லைக் ‘கித்தா’ ஆக்கி, அம்மரங்களோடு தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவர்கள். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. பின்னாளில் இங்குள்ள கித்தா மரங்களின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனையே பிடித்துக்கொண்டது. எனினும், பழைய ரப்பர் வெயிலிலும் காற்றிலும் நாட்பட்டுக் கிடந்தால் வறண்டு வெடிக்கும் என்பதைப் பால்மரம் வெட்டிய குடும்பத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

காற்றுப் பையும் அவ்வாறே மூப்படைகிறது. பையின் கீழ்ப்பகுதி மடிந்து சுருண்டு இயங்குவதால், முதல் வெடிப்பு பெரும்பாலும் அம்மடிப்பில் தோன்றும். செம்மண் புழுதியும் சேறும் அங்கே தங்கி ரப்பரைத் தேய்க்கின்றன. இனி இரண்டாவது பகை, நம் கடற்கரை வட்டாரத்தின் ஈரக்காற்று. காற்றழுத்தி உறிஞ்சும் காற்றில் நீராவி மிகுதியாக இருப்பதால் உலர்த்தியின் மணிகள் நாளடைவில் தம் ஆற்றலை இழக்கின்றன. பிறகு ஈரம் வால்வுத் தொகுதிக்குள் புகுந்து, அங்குள்ள உலோகத்தை அரித்து வால்வுகளை ஒட்டிக்கொள்ளச் செய்கிறது.

தன்வினையும் பிறவினையும்

இனி நம் வினாவுக்கு வருவோம். ‘இறங்கு’ என்பது தன்வினை. ‘இறக்கு’ என்பது பிறவினை. மெல்லின மெய் வல்லினமாக மாறுவதனாலேயே, செயல் தானாக நிகழ்ந்ததா, ஒருவர் நிகழ்த்தியதா என்பதைத் தமிழ் வேறுபடுத்திவிடுகிறது. அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து என்பனவும் இவ்வாறானவை.

நிறுத்தி வைத்த வண்டியில் இவ்விரு வினைகளும் ஒருசேர நிகழ்கின்றன. இயந்திரத்தை அணைத்த பின்னும் கட்டுப்பாட்டுக் கணினி சில மணி நேரத்திற்கு ஒருமுறை விழித்தெழுந்து நான்கு மூலைகளின் உயரத்தையும் ஒப்பிடுகிறது. பின்னிடப்புறப் பை மட்டும் கசிந்து அம்மூலை தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது இயந்திரம் ஓடாமையால், கணினி தாழ்ந்த மூலையை உயர்த்துவதில்லை. வண்டி சமநிலையில் நிற்பதற்காக மற்ற மூன்று மூலைகளின் காற்றையும் வெளியேற்றித் தாழ்த்துகிறது. இரவு முழுவதும் இது தொடர்ந்தால், காலையில் நான்கு மூலைகளும் ஒன்றுபோல் படிந்து கிடக்கும். நான்கு பைகளும் கெட்டுவிட்டன என்று உரிமையாளர் அஞ்சுவார். உண்மையில் ஒரு மூலைதான் இறங்கியது. மற்ற மூன்றும் இறக்கப்பட்டன.

என்னுடைய பழைய வண்டியில் இதை நான் பட்டறிந்தேன். ஓராண்டுக்குள் இருமுறை காற்றழுத்தியை மாற்றினார்கள். புதிய காற்றழுத்தி பொருத்தியவுடன் வண்டி எழுந்து நிற்கும். சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும். கசிவை ஈடுசெய்ய ஓயாது ஓடியதால் காற்றழுத்தி தேய்ந்தது என்பதும், பழுதின் முதல் ஒரு பையின் மடிப்பில் இருந்த மெல்லிய வெடிப்பு என்பதும் பின்னரே விளங்கின. நானும் ‘இறங்கிவிட்டது’ என்றுதான் சொல்லியிருந்தேன்.

பழுதறியும் முறை

முதலில், மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலுள்ள வளைவின் விளிம்புவரை நான்கு மூலைகளையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றுக் குறைவு கணக்கைக் கெடுத்துவிடும். அடுத்து, வண்டியின் கையேடு கூறும் முறைப்படி, கட்டுப்பாட்டுக் கணினி விழித்தெழாதவாறு அதற்குரிய மின்னிணைப்பை நீக்க வேண்டும். இப்பொழுது இறக்குவதற்கு ஆளில்லை. இனி இறங்குவது மட்டுமே நிகழும். காலையில் மீண்டும் அளந்தால், தாழ்ந்த மூலையே குற்றமுள்ள மூலை. இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் எல்லா மூலைகளும் சிறிதளவு தாழ்வது இயல்பு; அதனைப் பழுதெனக் கொள்ளலாகாது.

தாழ்ந்த மூலைக்குரிய பை, குழாயின் இருமுனை, வால்வுத் தொகுதி ஆகிய இடங்களில் சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவினால், கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். சில வெடிப்புகள் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே வாய் திறக்கும். ஆதலால் தாழ்நிலை, இயல்புநிலை, உயர்நிலை ஆகிய மூன்றிலும் சோதித்தல் நன்று. எந்த மூலையும் தாழாதிருந்தும், காலைதோறும் காற்றழுத்தி நெடுநேரம் ஓடுமாயின், கசிவு காற்றுக் கலத்தை ஒட்டிய பகுதியில் இருக்கலாம். கசிவே இல்லாமல் வண்டி ஏறாதிருந்தால் மட்டுமே காற்றழுத்தியை முதலில் ஐயுற வேண்டும். ஓடும்போதே ஒரு மூலை சாய்ந்து, சற்று நேரத்தில் தானே நேராகுமாயின், உயர உணரியின் தேய்வையும் கருத வேண்டும்.

பையை மாற்றும்போது அதே அச்சின் மறுபுறப் பையையும் மாற்றுவது அறிவுடைமை. இரண்டும் ஒரே வயதினவல்லவா? குழாய் முனையின் ரப்பர் வளையங்களையும் உலர்த்தியையும் அவ்வேளையிலேயே புதுப்பித்தால், புதிய பையின் ஆயுள் வீணாகாது. சுருள்வில்லுக்கு மாறிவிடுவதும் ஒரு வழியே. அதனால் கசிவுத் தொல்லை ஒழியும். உயரத்தை மாற்றும் வசதியும் மென்மையான ஓட்டமும் அதனோடு போய்விடும். பழுதின் முதலை அறிந்த பின்னரே அம்முடிவை எடுத்தல் வேண்டும்.

உயிர்காக்கும் விதி

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. காற்றுவில்லை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. பை வெடித்தால் உடல் ஒரு நொடியில் இறங்கும். அல்லது கதவைத் திறந்து மூடியதைக் கண்டு கணினியே இறக்கலாம். அடியில் இருப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. ஜாக்கியும் போதாது, சட்டகத்தின் கீழ் உறுதியான முட்டுத்தாங்கிகளை வைத்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். அழுத்தம் உள்ள குழாயைக் கழற்றவும் கூடாது. கலத்தின் காற்றை முறைப்படி வெளியேற்றிய பின்னரே கைவைக்க வேண்டும்.

நம் பட்டறைகளில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் பெரும்பாலும் மலாயிலேயே உரையாடுகின்றனர். அங்கும் இவ்வேறுபாடு உண்டு. ‘துருன்’ என்றால் இறங்கியது. ‘கசி துருன்’ என்றால் இறக்கியது. ‘போச்சோர்’ என்றால் கசிகிறது. மலாயின் ‘கசி’ பிறவினைப் பொருளைத் தருவது; தமிழின் ‘கசி’ ஒழுகுதலைக் குறிப்பது. ஒலி ஒன்றாயினும் இரண்டையும் மயங்கவிடலாகாது. அடுத்த முறை பட்டறைக்குச் செல்வோர், மாலை அளவும் காலை அளவும் எழுதிய தாளோடு, “பின்னிடப்புற மூலை மட்டும் இறங்கியது, மற்றவை இறக்கப்பட்டவை” என்று கூறுவாராயின், பழுதுபார்ப்பவரின் வேலையில் பாதி அப்பொழுதே முடிந்துவிடும்.